சார்ஜர் லைட்டு லேப்டாப்புல குத்தினதும் அணையுது, போர்டு மாத்தியே ஆகணுமா?

கேள்வி: அண்ணா, நான் போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமம். எம்.எஸ்சி. கடைசி வருஷம். லேப்டாப் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் ராத்திரி இடி மழை, கரண்ட் மூணு நாலு தடவ போய் போய் வந்துச்சு, நான் சார்ஜ்ல போட்டு மூடி வச்சுட்டு தூங்கிட்டேன். காலைல பட்டன அழுத்தினா ஒன்னுமே இல்ல, லைட்டும் இல்ல ஃபேன் சத்தமும் இல்ல. யூடியூப்ல பாத்து சார்ஜர கழட்டிட்டு பட்டன 30 செகண்ட் அழுத்தி புடிச்சேன், வரல. டவுன்ல ஒரு கடையில காட்டினா அஞ்சே நிமிஷத்துல மதர்போர்டு போச்சு, 14,000 ஆகும்னு சொல்லிட்டாங்க. இன்னொருத்தர் புதுசே வாங்கிக்கங்கறார். அப்பா மாங்கா மண்டியில கணக்கு எழுதறார், இப்ப போய் கேக்க மனசு வரல. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பூரா அதுல தான் இருக்கு, வைவாவுக்கு மூணு வாரம் தான். அப்பறம் ஒன்னு, சார்ஜர் முனையில சின்னதா ஒரு லைட் எரியும், லேப்டாப்புல குத்தினா அது அணைஞ்சுடுது. இது முக்கியமான்னு தெரியல. என்ன பண்றதுங்ண்ணா?

பதில்:

தங்கச்சி, கடைசியில "இது முக்கியமான்னு தெரியல"ன்னு ஒரு வரி எழுதியிருக்க பாரு, மொத்த லெட்டர்லயும் எனக்கு வேண்டியது அந்த வரி தான். அத வச்சு பாத்தா உள்ள எங்கயோ ஷார்ட் ஆகி கெடக்குன்னு தோணுது. ஷார்ட் ஆன போர்டு எல்லாம் செத்த போர்டு இல்ல. நெறைய சமயம், போர்டுல எள்ளு சைஸ்ல இருக்கற ஏதாவது ஒரு சாமான் போயிருக்கும், அத எடுத்துட்டா ஓடும்.

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன், இனிமே அந்த சார்ஜர அதுல குத்தாத. இப்ப வருமோ இப்ப வருமோன்னு காலைல ஒரு தடவ சாயந்திரம் ஒரு தடவ குத்தி பாக்கறது எல்லாருக்கும் உள்ள பழக்கம், நானும் என் சொந்த லேப்டாப்புக்கு அப்படித்தான் பண்ணியிருக்கேன், ஆனா ஷார்ட் இருக்கற போர்டுல ஒவ்வொரு தடவ குத்தும்போதும் கரண்ட் அதே எடத்துல போய் பாயுது, ஒரு சாமானோட முடிய வேண்டியது பக்கத்துல இருக்கறதையும் சேத்து கருக்கிடும். அதே மாதிரி வெயில்ல வைக்கறது, ஹேர் டிரையர் காட்டறது, அரிசி மூட்டையில பொதைச்சு வைக்கறது எதுவும் வேணாம். அரிசிக்குள்ள வச்சா ஜாக்குக்குள்ள தவுடு தான் போகும்.

மொதல்ல ப்ராஜெக்ட்ட காப்பாத்துவோம், லேப்டாப்பு அப்பறம். ஆன் ஆகலன்னா ஃபைல் போச்சுன்னு நெறைய பேர் அழுதுகிட்டே வர்றாங்க, மதர்போர்டு வேற, ஃபைல் இருக்கற டிஸ்க் வேற, வீட்டுக்கு கரண்ட் இல்லன்னா பீரோல இருக்கற நகை காணாம போயிடாது இல்ல. போன எடுத்து ஒன்டிரைவ் ஆப்ப (மைக்ரோசாஃப்ட் நெட்ல ஃபைல் சேத்து வைக்கற எடம்) போட்டு, லேப்டாப்புல எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டியோ அதே அக்கவுண்ட்ல உள்ள போய் பாரு. புது லேப்டாப்ப செட் பண்றப்ப வர்ற கேள்விக்கெல்லாம் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கியிருப்ப, அப்ப டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் தன்னால மேல ஏறிட்டு இருக்கறதுக்கு நெறைய வாய்ப்பு இருக்கு, அது ஓடறதே நமக்கு தெரியாது. 5 ஜிபி வரைக்கும் தான் ஃப்ரீ, ஃபுல் ஆனா அதோட நின்னுடும், ஆனா வேர்டு ஃபைல் எல்லாம் என்ன பெரிய சைஸா. அங்க இல்லன்னா கைடுக்கு அனுப்பின மெயில், ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு பிரிண்ட் போட வாட்ஸ்அப்ல அனுப்பினது, எல்லாத்தையும் நோண்டி பாரு. ரெண்டு வாரத்து பழைய காப்பி கெடைச்சாக்கூட மொதல்லருந்து டைப் அடிக்கறதுக்கு அது மேல்.

எங்கயுமே இல்லன்னா டிஸ்க்க கழட்டணும். நாலு வருஷத்து லேப்டாப்புன்னா பெரும்பாலும் உள்ள எஸ்எஸ்டி இருக்கும், சூயிங் கம் பட்டை மாதிரி ஒன்னு, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஒரே ஒரு ஸ்க்ரூ. அத கழட்டி யூஎஸ்பி கேஸ்ல போட்டா பென் டிரைவ் மாதிரி வேற லேப்டாப்புல தொறக்கலாம். அந்த கேஸ் வாங்கறதுல தான் பாதி பேர் ஏமாந்துடறாங்க. முனையில ஒரு வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ரெண்டுக்கும் கேஸ் வேற வேற. ரெண்டுக்கும் சேத்து வர்ற கேஸும் இருக்கு, எதுன்னு தெரியலன்னா அத வாங்கிடு.

தொறந்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ போடுன்னு கேட்டா பயந்துடாத. அது பிட்லாக்கர் பூட்டு, நீ போடாமலே விண்டோஸ் போட்டு வச்சிருக்கும். அந்த 48 நம்பரும் உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே இருக்கும், போன் பிரவுசர்ல லாகின் பண்ணி டிவைசஸ்னு இருக்கற எடத்துல பாரு. காலேஜ்ல கொடுத்த மெயில் ஐடிய லேப்டாப்புல போட்டிருந்தா அந்த அக்கவுண்ட்லயும் பாரு, சில பேருக்கு அங்க இருக்கும். இத ரிப்பேருக்கு கொடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்க. ஏன் சொல்றேன்னா போர்டு மாத்தினா அந்த பூட்டோட சாவி பழைய போர்டோட போயிடும், ரிப்பேர் ஆகி வந்த சந்தோஷத்துல ஆன் பண்ணுவ, மொத ஸ்க்ரீன்லயே அந்த 48 நம்பர கேக்கும். "டிஸ்க்க கெடுத்துட்டாங்க"ன்னு மெக்கானிக் கிட்ட சண்டைக்கு போனவங்கள பாத்திருக்கேன்.

சரி, இப்ப அந்த லைட்டு.

உங்க அப்பாவுக்கு புரியற மாதிரியே சொல்றேன், அந்த பக்கம் எல்லாரும் மாந்தோப்புக்கு சொட்டு நீர் போட்டிருப்பாங்க. போர் மோட்டார் ஓடுது, மெயின் பைப்புல தண்ணி வருது, கேட் வால்வு தாண்டி சின்ன சின்ன பைப்பா பிரிஞ்சு ஒவ்வொரு மரத்துக்கும் போகுது. லேப்டாப்பும் அப்படித்தான். அடாப்டர்லருந்து 19 வோல்ட், சிலதுல 20, மெயின் லைனா உள்ள வருது. அப்பறம் அது 5 வோல்ட், 3.3 வோல்ட்னு பிரிஞ்சு போகுது, பிராசஸருக்கு போறப்ப சுமார் 1 வோல்ட்டுக்கு வந்துடும். ஒவ்வொரு லைன்லயும் கரண்ட் ஆடாம இருக்கறதுக்கு பழுப்பு கலர்ல சின்ன சின்ன செராமிக் கப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, ஒரு கால் லைன்ல, இன்னொரு கால் கிரவுண்டுல, நடுவுல காகிதத்தவிட மெல்லிசா அடுக்கடுக்கா இன்சுலேஷன். ஒரு போர்டுல நூத்துக்கணக்குல இருக்கும். அந்த இன்சுலேஷன் ஓட்டை ஆச்சுன்னா அது கப்பாசிட்டர் இல்ல, லைனையும் கிரவுண்டையும் ஒட்ட வச்ச கம்பி. மெயின் பைப்பு ஒடைஞ்சு தண்ணி பூரா மண்ணுக்கு போற மாதிரி. ஸ்டார்ட்டர் எப்படி ட்ரிப் ஆகுமோ அதே மாதிரி அடாப்டரும் இவ்ளோ கரண்ட் இழுக்குதே, ஏதோ தப்புன்னு தன்ன தானே நிறுத்திக்குது. அதான் லைட் அணையுது. கழட்டிட்டு, சொவத்துல இருந்தும் உருவி கொஞ்ச நேரம் விட்டா திரும்ப எரியும்.

ஆனா ஒரு சந்தேகத்த தீத்துக்கணும். அடாப்டரே வீக்கா இருந்து லோடு தாங்காமலும் அணையலாம். அதனால பக்கத்துல ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கிட்ட மல்டிமீட்டர் இருக்கும், உருண்டை பின்னா இருந்தா உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் டிசில வச்சு பாக்க சொல்லு, அடாப்டர் மேல என்ன எழுதியிருக்கோ அது வரணும், 19.5-ன்னு போட்டிருந்தா 19.5 பக்கத்துல. நடுவுல ஊசி மாதிரி ஒன்னு இருந்தா அதுல மீட்டர் வைக்க வேணாம், அது பெரும்பாலும் நான் ஒரிஜினல் அடாப்டர் தான்னு லேப்டாப்புக்கு சொல்ற ஒயரு. வோல்ட்டேஜ் சரியா இருந்தா அதே மாடல் வச்சிருக்கற ப்ரெண்டு லேப்டாப்புல உன் அடாப்டர குத்தி பாரு. அங்க நல்லா ஓடுது, உன்னுதுல மட்டும் அணையுதுன்னா தப்பு லேப்டாப்புக்குள்ள. டைப்-சி அடாப்டர் வச்சிருக்கறவங்க இந்த மீட்டர் வேலையே பண்ணாதீங்க, அது லேப்டாப்போட பேசி முடிக்கற வரைக்கும் 5 வோல்ட்டுக்கு மேல காட்டாது, சிலது ஒன்னுமே காட்டாது, அத பாத்துட்டு அடாப்டர் போச்சுன்னு புதுசு வாங்கிட்டு வந்தவங்க உண்டு.

இன்னொன்னு, யூஎஸ்பி ஓட்டையில மௌஸ் டாங்கிள், பென் டிரைவ் எதாவது குத்தி வச்சிருந்தியா? எல்லாத்தையும் உருவிட்டு டார்ச் அடிச்சு உள்ள பாரு. நாக்கு மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ஒடைஞ்சு உள்ள இருக்கற பின்னு ஒன்னோட ஒன்னு தொட்டுகிட்டு இருந்தாலே 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகி லேப்டாப்ப ஆன் ஆக விடாது. அப்பறம் லேப்டாப்ப கமுத்தி டேபிள் மேல வை, ஆடுதா? டச்பேடு மேல தூக்கிட்டு நிக்குதா? அப்படின்னா பேட்டரி உப்பியிருக்கு, அமுக்காத, குத்தாத, நேரா கடைக்கு கொண்டு போ.

30 செகண்ட் அழுத்தினியே, அது தப்பான வைத்தியம் இல்ல, வேற நோய்க்கான வைத்தியம். பவர் பட்டன் நம்ம வீட்டு சுவிட்ச் மாதிரி கரண்ட்ட நேரா விடறது கெடையாது. ஐஓ சிப்னு ஒன்னு இருக்கு, பட்டன அமுக்கினா அதுக்கு தகவல் போகும், அது தான் ஒவ்வொரு லைனா தொறந்து விடும். கரண்ட் போய் போய் வர்றப்ப சில சமயம் அந்த சிப்பு மண்ட கொழம்பி நின்னுடும், அப்ப மிச்சம் இருக்கற கரண்ட் பூரா வடியற மாதிரி அழுத்தி புடிச்சா தெளிஞ்சுக்கும். ஆனா இப்ப வர்ற லேப்டாப்புல பேட்டரி உள்ள தான் இருக்கு, அது கனெக்ஷன்ல இருக்கறப்ப சில மாடல்ல கரண்ட் வடியவே வடியாது. அடி மூடிய கழட்டி பேட்டரி கனெக்டர உருவிட்டு அழுத்தினா தான் பலன். திங்க்பேடு மாதிரி சிலதுல அடியில ஊசி போற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருப்பாங்க, பேப்பர் கிளிப்ப நீட்டி உள்ள இருக்கற பட்டன அமுக்கலாம், அதே வேலை. ஷார்ட் இருக்கற போர்டுக்கு இது எதுவும் கேக்காது.

இப்ப அந்த கடைக்காரர் விஷயம். போர்டுல தான் தப்புன்னு சொன்னது சரி தான், அதனால அவர திட்ட மாட்டேன். அஞ்சு நிமிஷத்துல போர்டு மாத்தணும்னு சொன்னதுல தான் எனக்கு ஒப்புதல் இல்ல. நம்ம ஊர்ல லேப்டாப் கடைங்க ரெண்டு தினுசு. ஒன்னு சாமான மாத்தி கொடுக்கறவங்க, அதாவது ஸ்க்ரீன், கீபோர்டு, பேட்டரி, போர்டு எதா இருந்தாலும் கழட்டி வேற போடறவங்க. இன்னொன்னு சிப் லெவல் பண்றவங்க, போர்டுக்குள்ளயே தேடி சின்ன சாமான மாத்தறவங்க. மொத தினுசு கடைக்கு போர்டுல தப்புன்னா போர்ட மாத்தறது ஒன்னு தான் வழி, அவங்க கிட்ட இருக்கற ஆயுதம் அவ்ளோ தான். நீ சிப் லெவல் பண்ற எடத்துக்கு போகணும். கிருஷ்ணகிரியிலயும் உண்டு, ஓசூர்லயும் உண்டு, தர்மபுரியிலயும் உண்டு.

போய் ஒரே ஒரு கேள்வி கேளு: "எந்த லைன்ல ஷார்ட்டுங்ண்ணா?" பாக்காமலே வெலை சொல்றவரா இருந்தா அந்த கேள்விக்கு பதில் வராது. பாத்தவரா இருந்தா 19 வோல்ட் மெயின் லைன்ல, இல்ல 3 வோல்ட் லைன்ல, இல்ல சிபியு, அதாவது பிராசஸர் லைன்லன்னு பட்டுனு சொல்லுவார். பதில பொறுத்து தான் உன் தலையெழுத்தும். மெயின் லைன் கப்பாசிட்டர்னா நீ அதிர்ஷ்டசாலி. மாஸ்ஃபெட், அதாவது கரண்ட்ட தொறந்து மூடற குட்டி சுவிட்ச் போயிருந்தா கொஞ்சம் வேலை கூட, ஆனா முடியும். பிராசஸருக்கு போற வழியில இருக்கற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, 1 வோல்ட் திங்கற சிப்புக்குள்ள 19 வோல்ட் பூந்திருந்தா மட்டும் அந்த போர்டுக்கு மேல காசு போடாத, அதுக்கு மருந்து இல்ல.

கண்டுபிடிக்கறது எப்படின்னு கேட்டா, பாக்கவே நல்லா இருக்கும். என் கடையில தெர்மல் கேமரா எல்லாம் இல்ல. அடி மூடியில இருக்கற ஸ்க்ரூவ கழட்டி கழட்டி வீட்டுக்காரம்மா கழிச்சு போட்ட பழைய அஞ்சறைப்பெட்டியில போடுவேன், எந்த பக்கத்து ஸ்க்ரூ எந்த கிண்ணம்னு ஒரு கணக்கு, நீளமான ஸ்க்ரூவ குட்ட ஸ்க்ரூ எடத்துல போட்டா மேல கைவைக்கற எடத்துல முட்டிகிட்டு வந்துடும். பேட்டரிய உருவிடுவேன். போர்ட வெளிய எடுத்து, சால்டரிங் அயர்ன் முனையில ரோசின்ற பிசின தொட்டு அந்த பொகைய போர்டு மேல காட்டுவேன், மார்கழி மாசம் பைக் சீட்டு மேல பனி படிஞ்ச மாதிரி போர்டு பூரா வெள்ளையா படியும். அப்பறம் பவர் சப்ளையில 1 வோல்ட் மட்டும் வச்சு அந்த லைன்ல கரண்ட்ட மெதுவா ஏத்தினா, எது ஷார்ட்டோ அது மட்டும் சூடாகும், அது மேல இருக்கற வெள்ளை மட்டும் உருகி தண்ணி மாதிரி தெளியும். இருநூறு சாமானுக்கு நடுவுல ஒன்னே ஒன்னு, 2 மில்லிமீட்டர் கூட இருக்காது, பளிச்னு நிக்கும். சூடான காத்து ஊதற ஹாட் ஏர் மெஷின்ல அத தூக்கிட்டு மீட்டர் வச்சா ஷார்ட் போயிருக்கும். பதிலுக்கு அதே அளவு, அதே வோல்ட்டேஜ் தாங்கறது ஒன்னு போடணும், அவ்ளோ தான். கப்பாசிட்டர் வெலை ஒரு டீ காசு கூட வராது, தேடற வேலைக்கு தான் காசு, நான் இந்த மாதிரி வேலைக்கு 1,500-லருந்து 3,500 வரைக்கும் வாங்கறேன், எவ்ளோ நோண்ட வேண்டியிருக்குன்றத பொறுத்து. இதுல ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, 1 வோல்ட் வைக்க வேண்டிய எடத்துல அவசரத்துக்கு வோல்ட்டேஜ கூட்டி வச்சு ஷார்ட்ட "எரிச்சு விடறது". சில சமயம் சரியாகும், சில சமயம் அதோட சேத்து பிராசஸரும் எரியும். கொறைஞ்ச வோல்ட்டேஜ்ல தானே தேடுவீங்கன்னு தாராளமா கேளு, தப்பா நெனைக்க மாட்டாங்க.

போர்டு போச்சுன்னு நானும் வாய் கூசாம சொன்னவன் தான், அதனால தான் இவ்ளோ நீட்டறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல ஒரு கடையில வேலை கத்துக்கிட்டு ஊருக்கு வந்து கடை போட்ட புதுசு. பாலக்கோட்டுல இருந்து ஒரு தக்காளி வியாபாரி லேப்டாப் கொண்டு வந்தார், ஆன் பண்ணா லைட் வருது, ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் கருப்பு. அன்னிக்கு கடையில கூட்டம், ஸ்க்ரீன் கேபிள மட்டும் ஆட்டி பாத்துட்டு போர்டு போச்சுங்கன்னு சொல்லிட்டேன். சரிப்பான்னு எடுத்துட்டு போயிட்டார். பத்து நாள் கழிச்சு அதே லேப்டாப்ப கொண்டு வந்து என் டேபிள் மேல வச்சு தொறந்து காட்டினார், ஜம்முனு ஓடுது. காலேஜ் படிக்கற அவரோட அக்கா பையன் ரேம கழட்டி, அந்த தங்க கலர் பல்ல பென்சில் ரப்பர்ல தேச்சு திரும்ப மாட்டியிருக்கான், அவ்ளோ தான் வேலை. அவர் ஒரு வார்த்தை திட்டல. பக்கத்து கடையில எனக்கும் சேத்து டீ சொன்னார், குடிச்சார், போயிட்டார். இன்னிக்கும் "போர்டு"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சுன்னா அந்த டீ தான் தொண்டையில நிக்குது.

உன்னுது இல்லாம வேற மாதிரி ஆன் ஆகாம இருக்கறவங்க இத படிப்பீங்க, அவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. லைட் வருது ஃபேன் சுத்துது ஆனா ஸ்க்ரீன் கருப்புன்னா அது பவர் பிரச்சனையே இல்ல. கேப்ஸ் லாக் பட்டன தட்டி பாருங்க, லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா உள்ள விண்டோஸ் ஓடுது, உங்களுக்கு தான் தெரியல, எச்டிஎம்ஐ கேபிள்ல டிவியில மாட்டி பாருங்க. டிவியில படம் வந்தா போர்டு நல்லா இருக்கு, ஸ்க்ரீனோ கேபிளோ தான். இருட்டுல ஸ்க்ரீன் மேல டார்ச்ச சாய்ச்சு அடிச்சு பாத்தா படம் மங்கலா தெரியும் சில சமயம், அப்ப பின்னாடி எரியற லைட் மட்டும் போயிருக்கு. கேப்ஸ் லாக் எதுக்கும் அசையலன்னா ரேம், மேல சொன்ன ரப்பர் வைத்தியம், பேட்டரி கனெக்டர உருவிட்டு பண்ணுங்க. ரேம மாத்தி போட்டதும் மொத தடவ சில லேப்டாப் ரெண்டு மூணு நிமிஷம் கருப்பாவே நிக்கும், புது டிடிஆர்5 ரேம் எல்லாம் அப்படித்தான், பொறுமை இல்லாம ஆஃப் பண்ணிடாதீங்க. கேப்ஸ் லாக்கோ பேட்டரி லைட்டோ மூணு தடவ, அஞ்சு தடவன்னு கணக்கா மின்னிட்டு நின்னு திரும்ப மின்னினா அது சும்மா மின்னல, எந்த உறுப்பு கெட்டிருக்குன்னு அது பாஷையில சொல்லுது, எண்ணி எழுதிட்டு வாங்க, எனக்கு பாதி வேலை மிச்சம். மூடிய தொறக்கறப்ப கீல்கிட்ட டப்புனு ஒடையற சத்தம் கேட்டு அதுக்கப்பறம் ஆன் ஆகலன்னா பவர் பட்டனோட பட்டை கேபிளோ சார்ஜிங் ஜாக்கோ பிஞ்சிருக்கும். அரசாங்கம் 2011-லருந்து ப்ளஸ் டூ பசங்களுக்கு கொடுத்த லேப்டாப் எங்க கடைக்கு நெறைய வரும், பரண் மேல ரெண்டு வருஷம் கெடந்துட்டு ஆன் ஆகலன்னு. அதுல ஏகப்பட்டது பேட்டரி அடியோட காலியாகி தூங்கினது, இல்லன்னா சார்ஜர் ஒயர எலி கடிச்சது.

இடி மழை தான் காரணமான்னு கேட்டா, அடிச்சு சொல்ல மாட்டேன். இடியோட வர்ற கரண்ட் மொதல்ல அடாப்டர தான் கொல்லும், உன் அடாப்டர் உசுரோட இருக்கு. நாலு வருஷம் சூட்டுல வெந்த கப்பாசிட்டர் அன்னிக்கு ராத்திரி கரண்ட் போய் போய் வந்த ஆட்டத்துல விட்டிருக்கலாம், இல்ல எப்படியும் அந்த வாரம் போக வேண்டியது அன்னிக்கு போயிருக்கலாம். ஆனா கிராமத்துல இடியவிட மோசமானது ஒன்னு இருக்கு, காத்துல மரம் விழுந்து நியூட்ரல் ஒயரு அறுந்துச்சுன்னா 230 வர வேண்டிய எடத்துல 400 வோல்ட் வரைக்கும் வீட்டுக்குள்ள வந்துடும், அடாப்டர் தாங்கறது 240 வரைக்கும்னு அது மேலயே எழுதியிருக்கும். ஸ்பைக் பஸ்டர்னு விக்கற நீள பெட்டில நெறையது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தான், அத நம்பாத. கோடை மழை இருட்டிகிட்டு வந்தா சொவத்துல இருந்தே உருவிடு, சுவிட்ச்ச ஆஃப் பண்றது பத்தாது. பேட்டரி எதுக்கு இருக்கு.

14,000 விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு எடத்துல சிப் லெவல்ல பாத்துட்டு சிபியு லைன் போச்சுன்னு உறுதியா சொன்னா மட்டும் போர்டு மாத்தறத யோசி. அப்பவும் அது புது போர்டா, வேற லேப்டாப்புல இருந்து கழட்டினதான்னு கேளு, எஸ்.பி. ரோட்டுல இருந்தும் சென்னை ரிச்சி தெருவுல இருந்தும் வர்றது பெரும்பாலும் கழட்டின போர்டு தான், அது தப்பு இல்ல, ஆனா புது வெலை கொடுக்க கூடாது, மூணு மாசமாவது வாரண்டி எழுதி வாங்கிக்க. பழைய போர்ட கேட்டு வாங்கிட்டு வா, அது உன் சாமான். விண்டோஸ் ஒரிஜினல் லைசன்ஸ் பழைய போர்டோட ஒட்டினது, அத பத்தியும் மொதல்லயே பேசிடு. நாலு வருஷத்து லேப்டாப்புக்கு 14,000 போட்டு கழட்டின போர்டு போடறதுக்கு, கொஞ்ச நாள் ப்ரெண்டு லேப்டாப்ப வாங்கி வைவாவ முடிச்சுட்டு அப்பறம் நிதானமா யோசிக்கலாம்னு தான் எங்கூட்டு பொண்ணா இருந்தாலும் சொல்லுவேன்.

இந்த பக்கம் வர்றதா இருந்தா கிருஷ்ணகிரி பழையபேட்டையில இருக்கற என் கடைக்கே கொண்டா, பாத்து தர்றேன். ஞாயித்துக்கிழமை வேணாம், உங்க ஊர்ல சந்தை, அன்னிக்கு பஸ்ல லேப்டாப்ப தூக்கிட்டு நிக்கவும் எடம் இருக்காது, எனக்கும் கடை லீவு. திங்கக்கிழமை காலைல வந்தா சாயந்திரத்துக்குள்ள எந்த லைன்னு சொல்லிடுவேன். வர்றப்ப அந்த சார்ஜரையும் பையில போடு, அத வீட்டுல மறந்துட்டு வந்து திரும்ப போறவங்க தான் பாதி பேரு.